பாறையடியில் ஒரு வட்டக்களரி: இரண்டு தரம் வெட்டிய மண்

2025 வைகாசியில் எங்கள் ஊரில் ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு முழு இரவுக் கூத்து ஆடி முடித்தோம். எங்கள் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடி. இரவு ஒன்பது மணிக்கு மத்தளம் விழுந்தது, மங்களம் பாடும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. நடுச்சாமத்தில் நான் எழும்பி, மேற்கே பாறையோடு ஒட்டிய கடைசி வரிசையில் போய் இருந்து கொஞ்ச நேரம் கேட்டேன். பிறகு சுற்றிப் போய் கிழக்கு மண்கரையின் உச்சியில் இருந்து கேட்டேன். இரண்டு இடத்திலும் பாட்டு சொல் சொல்லாக விளங்கியது. சதங்கைச் சத்தம்கூட மத்தளத்துக்குள் அமிழாமல் தனியாகக் கேட்டது. அந்த நேரம் எனக்கு வந்த சந்தோசத்தை எழுத்தில் வைக்கத் தெரியவில்லை.

இதற்கு இரண்டு வருசமும் இரண்டு தரம் மண் வெட்டும் வேலையும் பிடித்தது. முதல் தரம் செய்ததில் மிஞ்சியது மண் மட்டும்தான். தங்கள் ஊரில் இப்படியொரு திறந்த களரி, அதாவது கூத்தாடும் அரங்கு, கட்ட நினைக்கிறவர்களுக்காக, அளவும் செலவும் விட்ட பிழையும் நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

இடத்தை முதலில் சொல்லவேண்டும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம் என்பதால் படுவான்கரை என்று சொல்லும் பகுதி எங்களுடையது. வயலும் குளமும்தான் நிலம் முழுக்க. இடையிடையே ஒற்றைப் பாறைகள் எழும்பி நிற்கும். குடும்பிமலை, தாந்தாமலை எல்லாம் அப்படி நிற்பவைதான். கிழக்கிலங்கையின் அடிநிலம் விஜயன் தொகுதி என்று சொல்லப்படும் மிகப் பழைய, நைஸ் என்ற வகைப் பாறை. சுற்றியிருந்தது கரைந்து போக, கரையாத கட்டிகள் மிஞ்சி நிற்கின்றன. வெயிலும் மழையும் பட்டு வெங்காயத்தோல் மாதிரிப் படை படையாக உரிவது இந்தப் பாறைகளின் குணம். எங்கள் குடும்பக் காணியின் மூலையில் இருப்பது 30 அடி உயரம்கூட வராத சின்னப் பாறை. ஆனால் அதன் கிழக்கு முகத்தில் ஒரு பெரிய படை எப்போதோ உரிந்து விழுந்து, உள்வளைந்த சுவராகிவிட்டது. இரண்டு பக்கமும் மேடு கை நீட்டின மாதிரி இறங்கி வரும். மேலே ஏறி நின்று பார்த்தால் மாட்டு லாடம் தெரியும், வாய் கிழக்கே வயலைப் பார்த்தபடி. சின்ன வயதில் மாடு சாய்க்கப் போகும்போது பாறையடியில் நின்று ஒரு கூப்பிடு கூப்பிட்டால் வாய்க்கால் தாண்டி இருக்கிறவர் திரும்பிப் பார்ப்பார். அந்த ஞாபகம்தான் இந்த வேலைக்கு வித்து.

2023 ஆனியில் தொடங்கினேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மகள் படித்த காலத்தில் அங்குள்ள சரச்சந்திர திறந்தவெளி அரங்கைப் பார்த்திருந்தேன். எல்லாரும் அதை ‘வள’ என்றுதான் சொல்கிறார்கள். சிங்களத்தில் வள என்றால் குழி. சரிவில் படி படியாக இருக்கை, கீழே மேடை. அது மனதில் இருந்தது. பிறகு கிரேக்கத்தின் எபிடோரஸ் அரங்கின் படத்தைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு அளவு எடுத்தேன். கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டில் ஒரு மலைச்சரிவைப் பயன்படுத்திக் கட்டியது, சுண்ணாம்புக்கல் இருக்கை 55 வரிசை, ஏறத்தாழ 14,000 பேர் இருக்கலாம், சரிவு 26 பாகை அளவு. முன்வரிசைத் தலைகளுக்கு மேலால் சத்தம் போகவேண்டுமானால் பின்வரிசை போதிய அளவு உயரவேண்டும். அது விளங்கியது. ஆகவே ஒவ்வொரு வரிசைக்கும் 14 அங்குலம் உயரம், 30 அங்குலம் அகலம் என்று வைத்தேன். அது 25 பாகை. இந்த இரண்டு அளவும் சரி. மற்றதெல்லாம் பிழை.

பாறையை முதுகுக்குப் பின்னால் வைத்து, சரிவில் அரைவட்டமாக ஆறு வரிசை வெட்டினோம். சரிவு இறங்கித் தட்டையாகும் இடத்தில் சீமெந்து மேடை. மண் வெட்டும் பெக்கோ மெசின் 5 மணித்தியாலம், 30,000 ரூபாய். வரிசை விளிம்பு சரியாமல் இருக்கத் தென்னங்குற்றி 46, ஒன்று 1,000 ரூபாய். மேடைக்கு 69,000. மொத்தம் 145,000 ரூபாய். ஆவணிக் கடைசியில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மார்கழியில் ஒரு இரவு விடாமல் பெய்தது. நேர்ச்சுவருள்ள பெயின்ற் வாளி ஒன்றை முற்றத்தில் வைத்திருந்தேன், விடிய 4 அங்குலம் தண்ணி. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால் நடு வரிசைகள் நான்கு அறுத்துக்கொண்டு போயிருந்தன. இடுப்பளவு ஆழத்தில் ஒரு வாய்க்கால். தென்னங்குற்றிகள் மேடையில் குவிந்து கிடந்தன, அவற்றில் ஏழெட்டு ஏற்கெனவே கறையான் ஏறி உள்ளே மாவாகியிருந்தன.

பிறகுதான் கயிறு போட்டுப் பாறையை அளந்தேன். எங்கள் பக்கம் தண்ணி வடிக்கும் முகம் 30 மீற்றருக்கு 20 மீற்றர், 600 சதுர மீற்றர். பாறை ஒரு சொட்டும் குடிக்காது. 4 அங்குலம் என்றால் 100 மில்லிமீற்றர். ஒரே இரவில் 60,000 லீற்றர் என் வரிசைகளுக்கு மேலால் இறங்கியிருக்கிறது. பத்து பவுசர் தண்ணி. சத்தத்தைக் கூட்டித் தருகிற வளைவு என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்த அதே வளைவு, தண்ணியையும் ஒரே இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தது. இதை நான் மண்வெட்டி எடுக்க முன்னமே கணக்குப் பார்த்திருக்கவேண்டும். ஒரு மழைக்காலம் இடத்தைச் சும்மா விட்டுத் தண்ணி எங்கால வருகிறது, எங்கே தேங்குகிறது, எங்கால போகிறது என்று முளை அடித்து அடையாளம் வைத்த பிறகே தொடங்கியிருக்கவேண்டும்.

தை பிறந்த பிறகு மண்ணை நிரப்பி, குற்றிகளைத் திரும்ப வைத்து ஒருவாறு சரிப்படுத்தினேன். 2024 வைகாசியில் அடுக்கு, அதாவது ஒத்திகை, பார்க்க எல்லாரையும் அங்கே கூப்பிட்டேன். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் எனக்குப் பெரியப்பா முறை. வயது எழுபது தாண்டியவர். வந்து, மேடையில் ஏறி, நாலு பக்கமும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மத்தளத்தை எடுத்து ஒரு தாளக்கட்டு அடித்தார், நிறுத்தினார், திரும்ப அடித்தார். பிறகு மத்தளத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"மனே, எனக்கு முன்னால இன்னொரு மத்தளகாரன் நிண்டு பிந்திப் பிந்தி அடிக்கிறான்" என்றார்.

நான் மேடையில் ஏறி நின்று கைதட்டிப் பார்த்தேன். தட்டின கை இறங்க முன்னம் பாறையிலிருந்து ஒரு தட்டுத் திரும்பி வந்தது. மேடைக்கும் பாறைக்கும் 22 மீற்றர், போய்வர 44. எங்கள் வெப்பத்தில் சத்தம் ஒரு வினாடிக்கு 350 மீற்றர் அளவு போகும். ஆக எட்டில் ஒரு வினாடி பிந்தி வருகிறது. ஏறத்தாழ இருபதில் ஒரு வினாடிக்குள் திரும்பி வருகிற சத்தத்தைக் காது முதல் சத்தத்தோடு சேர்த்துவிடும், கூடவே அதற்கு வலுவும் கொடுக்கும். அதைத் தாண்டப் பிந்தினால் எதிரொலியாகப் பிரிந்து கேட்கும். மெல்லப் பேசுகிறவருக்கு அது பெரிதாகத் தெரியாது. வடமோடியின் விரைவான தாளக்கட்டுக்கு அது விசம். வளைந்த பாறை என்பதால் சத்தத்தைச் சிதறவிடாமல் குவித்து நேரே மேடைக்கே அனுப்பியது, அதனால் இன்னும் மோசம்.

இது ஒரு குறை. பெரியப்பா சொன்ன அடுத்த குறைதான் என்னை இரவு முழுக்க விழித்திருக்கச் செய்தது.

"இது ஆருக்குக் கட்டின களரி? முன்னால இருக்கிறவனுக்கு மட்டுமா கூத்து? கூத்து நாலு பக்கமும் பாத்து ஆடுற ஆட்டம். மேல ஏற ஏலாத கிழவிமார் எல்லாம் கீழ வயல்பக்கம்தான் பாய் போடுவாங்க. அவங்க விடிய விடிய முதுகைப் பாக்கிறதா?"

அவர் சொன்னது உண்மை. எங்கள் களரி வட்டம். மண்ணைக் குவித்து உயர்த்தி, சுற்றிவரக் கால் நட்டு, மேலே வெள்ளை கட்டி, சனம் நாலு பக்கமும் இருந்து பார்க்கிற வட்டம். மத்தளமும் தாளமும் பிற்பாட்டும் நடுவில் நிற்க, ஆடுகிறவர் அவர்களைச் சுற்றி ஆடுவார். சின்ன வயதிலிருந்து பார்த்த எனக்கு இது தெரியாததில்லை. கிரேக்கப் படத்தைப் பார்த்த கண்ணுக்கு அது மறைந்துபோனது.

அன்றிரவு அந்தப் படங்களைத் திரும்பப் பார்த்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. எபிடோரஸ் கிரேக்கர் சொல்கிற தியேட்டர் வகை, இருக்கை ஒரு பக்கம் வளைந்து நிற்கும். அம்பிதியேட்டர் என்பது வேறு. ‘அம்பி’ என்றால் சுற்றிவர, ‘தியேட்ரன்’ என்றால் பார்க்கும் இடம். நடுவில் களம், நாலு பக்கமும் சனம். உரோமர் கட்டியவை அப்படி. அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருளில் பொருந்துவது எங்கள் வட்டக்களரிதான். இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் நடுக்காலத்தில் மண்கரை எழுப்பிய வட்டக் களங்களுக்குள் கோர்னிஷ் மொழியில் சமய நாடகங்களை நாட்கணக்காக ஆடியிருக்கிறார்கள். பிளென்-அன்-குவாரி, ஆடும் இடம் என்று அதற்குப் பெயர். அந்த மண்கரையின் படத்தைப் பார்த்தபோது ஏதோ எங்கள் பக்கத்து ஊரைப் பார்த்த மாதிரி இருந்தது.

அடுத்த நாளே சீமெந்து மேடையை உடைக்கச் சொன்னேன். மேசன் தம்பி இரண்டு தரம் கேட்டார், உண்மையாகவா என்று. எப்படியும் அது ஆடுகிறவர்களுக்கு உதவாது. சீமெந்தில் விடிய விடியத் துள்ளினால் முழங்கால் போய்விடும் என்று அடுக்குப் பார்த்த பொடியன்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். உடைத்த துண்டுகள் பிறகு தண்ணி வடியும் கானுக்குப் போனது.

புதிய களரியின் நடு எங்கே வரவேண்டும் என்பதைக் கையால்தான் கண்டுபிடித்தோம். ஒருவர் கைதட்டத் தட்டப் பாறையை நோக்கி ஓரோர் அடியாக நகர்ந்தார், நாலு பேர் நாலு திசையில் நின்று கேட்டோம். பாறையிலிருந்து 11 மீற்றரில் எதிரொலி மங்கியது. 8.5 மீற்றரில் முற்றாகக் கரைந்து, தட்டு மட்டும் கனத்துக் கேட்டது. போய்வர 17 மீற்றர், இருபதில் ஒரு வினாடி. கணக்கும் காதும் ஒத்துப்போன இடத்தில் முளை அடித்தோம். பெரியப்பா அதில் நின்று ஒரு விருத்தம் பாடிப் பார்த்தார். "இப்ப கல்லு கூடப் பாடுது" என்றார்.

முளையிலிருந்து வட்டம் கீற முதலில் நைலோன் கயிறு பிடித்தேன். இழுபட்டு, தொடங்கின இடத்துக்கு வரும்போது 4 அங்குலம் வெளியே நின்றது. கட்டுக்கம்பிக்கு மாறிய பிறகு வட்டம் பூட்டியது. களரி 24 அடி குறுக்களவு. அதைச் சுற்றி 3 அடி நடைவழி. அதன்பின் சுற்றிவர நான்கு வரிசை. எல்லா மட்டத்தையும் தண்ணி நிரப்பிய 40 அடி பிளாஸ்டிக் குழாயால் பார்த்தோம். மேசன் தம்பியின் நீர்மட்டப் பலகை இவ்வளவு தூரத்துக்குப் பிழை காட்டும்.

மேற்கே நான்கு வரிசைக்குச் சரிவு இருக்கிறது, வெட்டினால் போதும். கிழக்கே ஒன்றும் இல்லை, கரை எழுப்பவேண்டும். பொம்பேயில் கி.மு. 70 அளவில் கட்டிய அம்பிதியேட்டரில் களத்தை நிலமட்டத்துக்குக் கீழே தோண்டி, அந்த மண்ணையே சுற்றிவரக் கரையாகப் போட்டிருக்கிறார்கள். அதே வழிதான் எங்களுக்கும். நடுவைச் சராசரி 2 அடி இறக்கித் தோண்டியதில் 14 கியூப் மண் வந்தது (ஒரு கியூப் 100 கன அடி). கரைக்கு 28 கியூபுக்கு மேல் தேவை. மிச்சத்துக்குக் கிறவல் (சரளைமண்) 15 உழவு மெசின் பெட்டி, பெட்டி 6,500 ரூபாய், மொத்தம் 97,500. அனுமதிப்பத்திரம் உள்ள இடத்தில்தான் வாங்கினேன். இதில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

கரையை 6 அங்குலப் படைகளாகப் போட்டு இடித்தோம். இடிகட்டை பாலைக் குற்றியில் செய்தது, 18 கிலோ, இரண்டு பேர் பிடிக்கக் கைப்பிடி. மண்ணின் ஈரத்துக்கு ஒரு சோதனை: ஒரு பிடி எடுத்து இறுக்கி உருண்டையாக்கி இடுப்பு உயரத்திலிருந்து விடவேண்டும். நாலைந்து துண்டாக உடைந்தால் ஈரம் சரி. பொடியானால் தண்ணி போதாது, உடையாமல் சப்பளிந்தால் தண்ணி கூட. முதல் மூன்று நாள் ஒவ்வொரு படைக்கும் பார்த்தேன். பிறகு அவசரத்தில் தெற்கு மூலையில் பார்க்காமல் விட்டேன். ஒரு வாரத்தில் யானை ஒன்று இரவில் கரைக்கு மேலால் நடந்து போயிருந்தது. வடக்கே அதன் கால் அடையாளம் அரை அங்குலம்கூட இல்லை. தெற்கு மூலையில் 5 அங்குலம் புதைந்திருந்தது. அந்த மூலையை முழுக்கக் கிளறித் திரும்ப இடித்தோம்.

விளிம்புக்கு இந்தத் தரம் மரம் இல்லை. பழைய உரப்பை 385 வாங்கினேன், ஒன்று 20 ரூபாய். சல்லடை போட்ட கிறவல் 12 தாச்சிக்கு சீமெந்து ஒரு தாச்சி, புட்டுக்கு மா குழைக்கிற ஈரத்தில் கலந்து, பையின் முக்கால் பங்கு நிரப்பி, வாயை மடித்து அடியில் வைத்து, தட்டிச் சப்பையாக்கி, செங்கல் மாதிரி மூட்டு மாற்றி இரண்டு அடுக்கு. சீமெந்து 30 மூட்டை போனது. ஒரு கிழமை காலையும் மாலையும் தண்ணி விசிறிச் சாக்கால் மூடி வைத்தோம். இருக்கையின் மேல்முகத்துக்கு மட்டும் இரண்டு அங்குலம் சீமெந்து கலந்த மண்பூச்சு. கோர்ன்வாலில் ரொவீனா கேட் என்ற பெண்மணி தன் வீட்டுக்குக் கீழே கடல் பார்த்த பாறைச்சரிவில், தோட்டக்காரரைத் துணைக்கு வைத்துக்கொண்டு மினாக் அரங்கைக் கட்டினார். 1932இல் முதல் நாடகம் நடந்தது. அதன் பிறகும் பல பத்தாண்டு அவர் கட்டிக்கொண்டே இருந்தார். கடற்கரை மண்ணைச் சுமந்து வந்து சீமெந்து குழைத்து, அது இறுக முன்னம் பழைய திருப்புளி நுனியால் இருக்கைகளில் கோலம் கீறியிருக்கிறார். அதைக் கேட்ட எங்கள் பிள்ளைகள் ஆளுக்கொரு திருப்புளி கொண்டுவந்தார்கள். இன்று எங்கள் முதல் வரிசை முழுக்கத் தாமரையும் மயிலும் மத்தளமும்தான். எனக்கு அந்த வரிசையில் இருக்கவே மனம் வராது.

கான் வேலைதான் எல்லாவற்றிலும் முக்கியம், அதனால் அதை ஆடி மாதமே முடித்துவிட்டோம். பாறை மண்ணைத் தொடுகிற கோட்டில் 25 மீற்றர் நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். அடியிலும் பக்கத்திலும் கருங்கல்லும் உடைத்த மேடைத் துண்டும். இரண்டு கையிலும் இறங்கி, வட்டத்துக்கு வெளியே வயல் வாய்க்காலுக்குப் போகிறது. ஒரு மணித்தியாலத்தில் 50 மில்லிமீற்றர் கொட்டினாலும் பாறையிலிருந்து 30,000 லீற்றர்தான், வினாடிக்கு 8 லீற்றருக்குக் கொஞ்சம் கூட. இந்தக் கானுக்கு அது பெரிதில்லை. ஒன்று கவனித்துச் செய்தோம், பாறையில் ஒரு துளையும் போடவில்லை, ஒரு உளியும் படவில்லை. கான் பாறையைத் தொட்டு நிற்கிறதே தவிர அதில் ஏறவில்லை.

வட்டத்துக்குள் விழுகிற மழைக்கு என்ன வழி? சுற்றிவரக் கரை போட்டால் அது குளம். கிழக்கே கரையை 6 அடி அகலத்துக்கு வெட்டி வாசல் விட்டோம், நடைவழியை மேற்கிலிருந்து வாசலுக்கு 4 அங்குலம் சரித்தோம். தண்ணி போகிற வாசலால்தான் கட்டியகாரன் வருவான், ராசா வருவார். வயல் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குள் வருகிற அந்த வரவு, நான் திட்டம் போடாமல் கிடைத்தது.

களரி நிலத்தில் இன்னொரு பிழை விட்டேன். சத்தத்துக்கு இறுகின நிலம் வேண்டும், காலுக்கு மண் வேண்டும். புற்றுமண்தான் இரண்டுக்கும் பொருத்தம் என்று பெரியப்பா சொன்னார். கும்பிடுகிற புற்றைத் தொடாமல், வயல் வரம்பில் கைவிட்டுப் போன புற்றுகளில் எடுத்தோம். களரியை ஒரு அடி உயர்த்தி, நடு 2 அங்குலம் கூட வைத்து, 4 அங்குலம் கிறவல் இடித்து, மேலே புற்றுமண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு குழைத்து 3 அங்குலம் போட்டேன். நாலாம் நாள் விரல் போகும் அளவுக்கு வெடித்தது. களித்தன்மை கூடிவிட்டது. அந்த 3 அங்குலத்தையும் கொத்தி எடுத்து, புற்றுமண்ணும் மணலும் சமபங்கு, அதோடு பத்துத் தாச்சிக்கு ஒரு தாச்சி உமி என்று மாற்றினோம். வெயில் நேரே படாமல் கிடுகு மூடி மூன்று நாள் மெல்லக் காயவிட்டு, அரைகுறை ஈரத்தில் மட்டைக்கட்டையால் அடித்தோம். மயிர் வெடிப்பு மட்டும் வந்தது, அதுவும் மூன்று தரம் சாணி மெழுகியதில் மூடிக்கொண்டது. பெண்கள் பன்னிரண்டு பேர் ஒரு காலையில் மெழுகி முடித்தார்கள். காய்ந்த நிலத்தில் குதிக்கால் அடித்தால் மரப்பலகை மாதிரி ஓசை வரும்.

இரண்டாம் தரத்துச் செலவு: கிறவல் 97,500. உரப்பை 7,700. சீமெந்து 30 மூட்டை 66,000. பெக்கோ 9 மணித்தியாலம் 54,000. கூலி 22 ஆள்நாள் 55,000. கானுக்குக் கருங்கல் 18,000. ஆக 298,200 ரூபாய். ஊரார் கைவேலையாகத் தந்தது இதில் இல்லை. கொப்பியில் குறித்த வரை அது 140 ஆள்நாளுக்கு மேல். முதல் தரம் கரைந்த 145,000 ரூபாயைச் சேர்க்காமல் மறைத்தால் கணக்கு பொய்யாகிவிடும், அதையும் சேர்த்து 443,200. சரியாக இருந்தால் 300 பேர். நெருக்கி இருந்தால் இன்னும் கொஞ்சம்.

2024 நவம்பர் கடைசியில் மட்டக்களப்பும் அம்பாறையும் வெள்ளத்தில் மூழ்கின நாட்களில் எங்களால் நாலு நாள் அந்தப் பக்கம் போகமுடியவில்லை. வயலில் தண்ணி வடிந்து நான் போய்ப் பார்த்தபோது மனம் அடித்துக்கொண்டது. கான் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. வட்டத்துக்குள் கணுக்காலளவு சேறு, வாசலடியில் ஒரு குப்பைக் குவியல். வெளிக்கரையின் சரிவில் மட்டும் கைப்பிடி அகலத்தில் ஐந்தாறு கீறல். வரிசைகள் அப்படியே இருந்தன. தெற்கு மூலையும் நின்றது. நான் அந்த ஈரத்திலேயே இருந்துவிட்டேன்.

தையில் வெளிக்கரைக்கு வெட்டிவேர் 9 அங்குல இடைவெளியில் மூன்று வரிசை நட்டோம், இடையில் அறுகு. களரி நிலத்தின் மேற்படையை ஒரு அங்குலம் புதுப்பித்தோம். இது ஒவ்வொரு வருசமும் செய்யவேண்டிய வேலை. மழைக்காலம் முழுக்கக் கிடுகு வேய்ந்து மூடிவைத்தால் குறையும் என்று நினைக்கிறேன், இந்த மாரிக்கு அதைச் செய்து பார்க்கப்போகிறேன்.

அடுத்து மாற்றவேண்டியவை இன்னும் இருக்கின்றன. 14 அங்குலப் படி கிழவிமாருக்கு ஏலாது. ஏறுவழி இரண்டில் மட்டும் 7 அங்குல அரைப்படி வைத்தேன், நாலு வழி வைத்திருக்கவேண்டும். வெயில் நேரே படும் தெற்குப் பக்கத்து உரப்பைகள் பத்து மாதத்தில் நார் நாராகப் பிய்கின்றன. உள்ளே சீமெந்து மண் இறுகிக் கட்டியாகிவிட்டதால் வரிசைக்குப் பாதிப்பில்லை, ஆனால் அந்த நார் வயலுக்குப் பறக்கிறது. நிரப்பின கிழமையே முன்முகத்துக்கும் மண்பூச்சுப் பூசியிருந்தால் இது வந்திராது. இப்போது வெட்டி எடுத்துப் பூசிக்கொண்டிருக்கிறோம், பாதி முடிந்தது. பாறையோடு ஒட்டிய மேல்வரிசையில் நடுவிலிருந்து வடக்கே ஆறேழு அடிக்குள் மத்தளம் மட்டும் மற்ற இடத்தைவிடக் கூடக் கேட்கிறது. வளைவு அங்கே குவிகிறது. கூத்தன்று அந்த இடத்தில் கிடுகுத் தட்டி ஒன்றைப் பாறையில் சாத்தி வைத்தோம், குறைந்தது. பாறையில் ஆணி அடிக்காமல் அதை நிற்கவைக்க நல்லதொரு கால் செய்யவேண்டும்.

வாசலும் காணாது. 6 அடி அளந்தபோது சறத்தோடு நடந்து பார்த்துத்தான் அளந்தேன். கூடை மாதிரி விரிந்து நிற்கும் கரப்புடுப்பு உடுத்திய இரண்டு ராசாக்கள் ஒரே நேரத்தில் வர, இரண்டு பேரின் உடுப்பும் கரையில் உரசியது. ஒருவருடைய கண்ணாடிச் சோடனை கழன்று விழுந்தது. பெரியப்பா அடுத்த நாள் காலையில் தானே அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டு பக்கமும் ஒவ்வோர் அடி கோடு கீறிவிட்டுப் போனார். ஆடியில் நிலம் காய்ந்ததும் அந்தப் பைகளை எடுத்து 8 அடியாக அகட்டப்போகிறோம். மேசன் தம்பியிடம் நாள் கேட்டிருக்கிறேன்.